வாசகர் கேள்வி-பதில்: தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதையும் (‘பிரெக்ஸிட்’), அதில் சிறுபான்மையினர் பட்ட பாட்டையும் பற்றிச் சென்ற இதழில் இரண்டே பத்தி எழுதியிருந்தேன். அதற்கு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் வியக்க ஒன்றுமில்லைதான். தொண்டி தொடங்கி ஏர்வாடி வரை ‘சபர்’ (பிழைப்புக்காக வெளிநாடு) போகாத குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே கொடுக்கிறேன்.

பிரிட்டன் விலகியதற்குக் காரணம் குடியேறிகள் மீதிருந்த கோபம்தானா?
(கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது இல்லாதிருந்தால் விலகல் நடந்திருக்காது என்பது என் கருத்து. 1973 ஜனவரி முதல் தேதி ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிரிட்டன், 1975-இல் மக்களிடம் கேட்டபோது, 67 சதவீதத்தினர் தொடரலாம் என்றார்கள். அன்றைய பேச்செல்லாம் வெண்ணெய் விலையும் பொதுச் சந்தையும்தான். 2004 மே மாதம் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. அவற்றில் எட்டு, முன்பு கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு, மத்திய ஐரோப்பிய நாடுகள். பழைய உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுத் தொழிலாளர்களுக்குச் சில ஆண்டுகள் கதவைச் சாத்தியே வைத்திருக்க, பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றும் உடனே திறந்துவிட்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசுக்காகச் செய்த மதிப்பீடு கூறியது. 2016-இல் அங்கிருந்தவர்களில் போலந்தில் பிறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் பேர்.

அந்த ஆண்டு ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகலுக்கும் 48.1 சதவீதத்தினர் தொடர்வதற்கும் வாக்களித்தனர். லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள பாஸ்டன் என்ற சிறு நகரத்தைப் பாருங்கள். காய்கறி விளையும் வட்டாரம் அது. அறுவடைக்கும், காய்கறியைத் தரம்பிரித்துக் கட்டும் கூடங்களுக்கும் கிழக்கு ஐரோப்பியர்கள் சில ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்த ஊர் 75.6 சதவீத வாக்குடன் நாட்டிலேயே மிக உறுதியாக விலகலை ஆதரித்தது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுதியாக வாழும் லண்டனிலோ ஏறத்தாழ 60 சதவீதத்தினர் தொடரவே விரும்பினார்கள். வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவர்கள் வந்த வேகமும், அந்த வேகத்துக்கு ஈடாகப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வாடகை வீடும் பெருகாததும்தான் ஆத்திரத்தை மூட்டின என்று நினைக்கிறேன். அந்த ஆத்திரம் அரசின் மீது போயிருக்க வேண்டியது. அடுத்த வீட்டுக்காரர் மீது போயிற்று.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை இருந்தது. வேலை விசாவில் போய் இரண்டு ஆண்டு ஆன ஒரு தமிழ்நாட்டுச் செவிலியர் வாக்களிக்கலாம். பதினைந்து ஆண்டுகளாக அங்கேயே வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த போலந்துக்காரருக்கு அந்த உரிமை இல்லை. யாருடைய இருப்பைப் பற்றி நாடு முடிவெடுத்ததோ, அவர்களில் பெரும்பாலோர் கைகட்டி நின்று முடிவைக் கேட்டுக்கொண்டார்கள்.

‘சிறுபான்மையினர்’ என்று நீங்கள் எழுதியது யாரை? நிறத்தால் வேறுபட்டவர்களையா, பாஸ்போர்ட்டால் வேறுபட்டவர்களையா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொண்டி)

நல்ல கேள்வி ஐயா. நான் தெளிவாக எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலகலுக்கு முதல் நாள் வரை போலந்துக்காரரும் ருமேனியரும் பிரிட்டனில் ‘குடியேறி’ என்ற சொல்லுக்குள் சட்டப்படி அடங்கவில்லை. அவர்கள் ஒன்றியத்தின் குடிமக்கள். மதுரைக்காரர் சென்னைக்கு வேலைக்குப் போவதைப் போல உரிமையோடு போனவர்கள். வாக்குச்சீட்டு எண்ணி முடிந்த காலையில் அவர்கள் இருந்த இடத்திலிருந்து ஓர் அடி கூட நகரவில்லை. ஆனாலும் சிறுபான்மையினர் ஆனார்கள்.

நிறத்தால் வேறுபட்டவர்களையும் அந்தக் காற்று தொடாமல் விடவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன, மத வெறுப்பினால் நடந்ததாகக் காவல்துறை பதிவு செய்த குற்றங்கள், 2015 ஜூலையுடன் ஒப்பிட்டால் 2016 ஜூலையில் 41 சதவீதம் கூடின. வாக்கெடுப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான், குடியேறிகளுக்காகக் குரல் கொடுத்துவந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் பட்டப்பகலில் கொலை செய்யப்பட்டார். ‘ஊருக்குப் போ’ என்று தெருவில் கத்துகிறவர் எதிரில் நிற்பவரின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்துவதில்லை. மூன்று தலைமுறையாகப் பிரிட்டிஷ் குடிமக்களாக இருக்கும் பாகிஸ்தானியக் குடும்பத்துக்கும் அந்தக் கூச்சல் கேட்டது. அதே சமயம் ஆசிய வம்சாவளியினர் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றில் ஒருவர் அளவுக்கு விலகலுக்கே வாக்களித்தனர் என்று அப்போதைய கருத்துக்கணிப்புகள் காட்டின. ஆசியர் மிகுந்த லூட்டன், ஸ்லவ் நகரங்கள் இரண்டிலும் விலகல் பக்கமே வென்றது.

ஆனால் நீண்ட நாள் உறுத்தியது கூச்சலை விடக் காகிதம்தான். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது; பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலம் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று முடிந்தது. அந்தத் தேதிக்குள் வந்து குடியிருந்த ஐரோப்பியர், 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்தால் தங்கும் உரிமை கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. ஐந்து ஆண்டு இருந்தவர்களுக்கு நிரந்தர நிலை, குறைவாக இருந்தவர்களுக்குத் தற்காலிக நிலை. கெடு முடிந்தபோது வந்து குவிந்த விண்ணப்பங்கள் 60 லட்சத்துக்கும் மேல். முதியோர் இல்லத்தில் நினைவு மங்கிக் கிடக்கும் இத்தாலியப் பாட்டிக்காக யார் விண்ணப்பிப்பது? பெற்றோர் விண்ணப்பித்துவிட்டு, அங்கேயே பிறந்த குழந்தைக்கு எதற்கு என்று விட்டுவிட்டால்? போதாததற்கு, இந்த உரிமைக்குக் கையில் வைத்துக்கொள்ளும் அட்டை கிடையாது. எல்லாம் கணினிப் பதிவுதான். தற்காலிக நிலையில் இருப்பவர் இரண்டாம் முறை விண்ணப்பிக்க மறந்தால் உரிமை தானாகவே போய்விடும் என்ற விதியை, 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது.

காகிதத்தைக் கண்டு பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. 1948-இல் விண்ட்ரஷ் என்ற கப்பலில் வந்தவர்கள் முதலாக, கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனின் அழைப்பை ஏற்றே வந்து பேருந்தும் ரயிலும் ஓட்டியவர்களிடம், ஐம்பது அறுபது ஆண்டு கழித்து ‘நீ சட்டப்படி வந்ததற்கு என்ன ஆதாரம்?’ என்று அரசு கேட்டது. அவர்கள் வந்திறங்கிய சீட்டுகளை 2010-இல் அழித்திருந்ததும் அதே உள்துறைதான். 2018-இல் இது வெடித்தபோது உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலக நேர்ந்தது. ஐரோப்பியர்கள் இதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே தங்கள் பழைய மின்கட்டண ரசீதுகளைத் தேடினார்கள்.

அக்கரையையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் வெயிலுக்கு ஆசைப்பட்டு அங்கே வீடு வாங்கிய ஓய்வூதியக்காரர்கள் உட்பட லட்சக்கணக்கான பிரிட்டிஷார், இடைக்காலம் முடிந்த அதே தேதியில், அங்கே அன்னியர் ஆனார்கள். பதிவு செய்துகொள்ளாமல் போக்குவரத்தாக இருந்தவர்களுக்கு இனி 180 நாளில் 90 நாள்தான்.

“ஐரோப்பியர் போய்விட்டால் நமக்கு இடம் கிடைக்கும்” என்று என் மைத்துனர் அப்போதே சொன்னார். கிடைத்ததா?
(ஜவுளி வியாபாரி, கீழக்கரை)

சில காலம் கிடைத்தது. அப்புறம் கதவு மெல்லச் சாத்தப்பட்டு வருகிறது. 2021 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கும் மற்றவருக்கும் ஒரே புள்ளி முறை வந்தது: வேலைக்கு இத்தனை, சம்பளத்துக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று 70 புள்ளி எடுத்தால் விசா. ஐரோப்பியர் வரவு சரிந்தது. வருவோரை விடத் திரும்பிப் போவோர் மிகுந்தனர். அந்த இடத்தை இந்தியா, நைஜீரியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிரப்பினார்கள். நிரப்பியது மட்டுமன்று, வழிந்தது. 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் மிஞ்சிய எண்ணிக்கை 9 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு வந்தோரில் இந்தியர்களே முதலிடம். குடியேற்றத்தைக் குறைப்பதற்காக விலகிய நாட்டில், விலகலுக்கு முன் ஒருபோதும் காணாத குடியேற்றம்!

அதன் பின்விளைவும் நம் தலையில்தான் விடிந்தது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சி மாணவர் தவிர மற்ற மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. அந்த ஆண்டு மார்ச் முதல், முதியோர் பராமரிப்புப் பணியாளரும் அழைத்துவர முடியாது. ஏப்ரலில் திறன்மிகு பணியாளருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 38,700-ஆகவும், 2025 ஜூலையில் 41,700-ஆகவும் உயர்ந்தது. அதே ஜூலையில் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண், நகையை அடகு வைத்து ஓர் ஏஜென்டுக்குப் பல லட்சம் கட்டி, முதியோர் இல்ல வேலைக்கென்று போய் இறங்கினாள். சொன்ன இடத்தில் இல்லம் இருந்தது, வேலை இல்லை. ஆள் எடுத்த நிறுவனத்தின் உரிமம் ரத்தானால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் தேடிக்கொள்ள வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஐம்பத்தெட்டாம் நாள் அவள் சென்னை விமான நிலையத்தில் வந்து நின்றாள். உங்கள் மைத்துனர் இனி யாருக்கேனும் யோசனை சொல்வதாக இருந்தால், அவர் 2022-இல் கேள்விப்பட்டது இப்போது செல்லாது என்று தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

மண்டபம் முகாமில் வந்திறங்கிய மலையகத் தமிழர் கதையும் பிரெக்ஸிட் கதையும் ஒன்றுதானே?
(சமூகப் பணியாளர், மண்டபம்)

உருவத்தில் ஒன்று, வழக்கு வேறு. இலங்கையும் இந்தியாவும் ஒரே அரசியல் ஒன்றியமாக இருந்து பிரிந்தவை அல்ல. ஒரே பேரரசின் கீழிருந்த தனித்தனி ஆட்சிகள். விடுதலை பெற்ற 1948-லேயே இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இங்கிருந்து போன மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சத்தைப் பத்து ஆண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ‘கள்ளத்தோணி’ என்று அங்கே ஏசப்பட்டு வந்தவர்கள், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபத்தில் தங்கி ஊர் ஊராகப் போனபோது, இங்கே ‘சிலோன்காரர்கள்’ என்று அழைக்கப்பட்டார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒன்றியம் பிரிந்து நம்மவர் அகப்பட்டுக்கொண்ட கதை வேண்டுமென்றால் இரண்டு உண்டு. முதலாவது பர்மா. 1937 ஏப்ரல் முதல் தேதி வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் அடங்கியிருந்த காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செட்டியார்களும், கடற்கரை ஊர்களின் வணிகரும் கூலியாட்களும் கப்பல் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்; கடவுச்சீட்டு என்ற பேச்சே கிடையாது. பிரிவினைக்கு மறு ஆண்டே ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம் வெடித்தது. 1941-இல் இந்தியர் வரவைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வந்தது. போரின்போது லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்து திரும்பினர். மிஞ்சியவர்களில் பலர் 1962-க்குப் பின் நெ வின்னின் ராணுவ ஆட்சியில் கடையையும் காணியையும் விட்டுவிட்டுக் கப்பலேறினர்.

இரண்டாவது சிங்கப்பூர். அதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் பெரியப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். அவருடைய தங்கை, என் அத்தை, சிங்கப்பூரை மலாயாவோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். ஞாயிறுதோறும் பெரியப்பா பஸ் பிடித்துப் போய், அத்தை கையால் மீன் ஆணம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார். 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லும்போது சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் அழுதார். சில மாதங்களிலேயே, குடிமக்கள் அல்லாதோர் வேலை பார்க்க அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1967-இல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. பெரியப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் முதலில் மாதம் ஒன்றாகவும், பிறகு பெருநாளைக்கு மட்டுமாகவும் சுருங்கின. குடியுரிமை பெறாததால் அவருக்கு நீல அட்டைதான் கிடைத்தது. பெரியம்மா அதைக் கடைசி வரை ஒரு பனையோலைக் கொட்டானில், ஜாதகத்தோடும் நிலப் பத்திரத்தோடும் சேர்த்து வைத்திருந்தார். அட்டையில் இருந்த பெருவிரல் ரேகை நாளடைவில் மங்கி, காய்ந்த கறிவேப்பிலை நிறத்துக்கு வந்துவிட்டது. ‘பாலம் அங்கேயேதானடா இருந்தது’ என்பார் பெரியப்பா. அதற்கு மேல் அவர் அரசியல் பேசிக் கேட்டதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே 1965-இல் புதிய நாடு, சிறுபான்மை மொழியான தமிழை நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகச் சட்டத்தில் எழுதிவைத்தது. 1964-இல் இரண்டு முறை சீன, மலாய் மக்களுக்கிடையே ரத்தம் சிந்திய தீவு அது. சிறுபான்மையினரின் நலனைப் பேணுவது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே சொல்லாமல் நாட்டை ஒட்டவைக்க முடியாது என்று அதன் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். பர்மாவில் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. பிரிட்டனைப் பொறுத்தவரை, ‘ஏற்கெனவே இருப்பவர்களின் உரிமை போகாது’ என்பதை வாக்கெடுப்பு முடிந்த மறு வாரமே சட்டமாக எழுதியிருக்கலாம். எழுதாமல் பேரத்துக்கு வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் திண்டாட விட்டார்கள். மன்னிக்க முடியாத பிழை என்று நான் கருதுவது அதைத்தான்.

பிரிட்டன் மீனவர்களுக்குக் கடல் திரும்பக் கிடைத்ததா?
(விசைப்படகு உரிமையாளர், பாம்பன்)

கொஞ்சம் கிடைத்தது. பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடித்துவந்த பங்கில் 25 சதவீதத்தைப் படிப்படியாக 2026-க்குள் குறைப்பது என்று ஒப்பந்தமாயிற்று. அவர்கள் அந்தக் கடலுக்குள் வரும் உரிமையை 2025 மே மாதம் மேலும் 12 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். விலகலுக்காகக் கொடி பிடித்த மீனவர் பலர் இதை ஏமாற்றம் என்றே சொல்கிறார்கள்.

உங்களுக்குச் சுவையானது வேறொன்று. 2021 மே 6 அன்று, பிரான்ஸ் கரையை ஒட்டிப் பிரிட்டனின் பாதுகாப்பில் உள்ள ஜெர்சி தீவின் துறைமுகத்தைப் பிரெஞ்சுப் படகுகள் சூழ்ந்துகொண்டன. பிரிட்டன் இரண்டு கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. சண்டை உரிமத்தைப் பற்றியது. முன்பு அந்தக் கடலில் தொழில் செய்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் உரிமம் என்றார்கள். பெரிய படகில் கருவி இருக்கிறது, பதிவு இருக்கிறது. தகப்பன் காலத்திலிருந்து அங்கே வலை போடும் சின்னப் படகுக்காரர் எதைக் காட்டுவார்? நம் நாட்டுப்படகுக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சத்தீவுக்குப் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் போய்வரலாம் என்று 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் எழுதியிருக்கிறது. அதனால் அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வர முடிகிறது. வலை போட முடிவதில்லை.

விலகிய பின் சிறு படகுகளில் வருவோர் குறைந்தார்களா?
(மாணவர், ஏர்வாடி)

கூடினார்கள். 2018-இல் 299 பேர். 2022-இல் 45,000-க்கும் மேல். பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே அவர்கள் கடக்கும் கடலின் மிகக் குறுகிய இடம் 33 கிலோமீட்டர்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போவதை விடச் சற்றே கூடுதல். முதலில் நுழைந்த ஐரோப்பிய நாட்டுக்கே அகதியைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஒன்றியத்துக்குள் இருந்தது. விலகியதும் அது பிரிட்டனின் கையை விட்டுப் போயிற்று. அதன் மூலம் முன்பும் பெரிதாக ஆட்களை அனுப்பிவிடவில்லை என்பதால், கூடியதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பிரிட்டனே உடையுமா?
(ஆசிரியை, தேவிபட்டினம்)

ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால், தனக்குள் இருக்கும் ஒன்றியத்தில் விரிசல் கண்டது பிரிட்டன். நான்கு பகுதிகளில் இங்கிலாந்தும் வேல்ஸும் விலக வாக்களித்தன; ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதமும் தொடர வாக்களித்தன. மொத்தக் கணக்கில் தோற்றவர்கள் சேர்த்தே வெளியே இழுக்கப்பட்டார்கள். ஸ்காட்லாந்து 2014-இல் தனிநாடு வேண்டாம் என்று 55 சதவீதத்துடன் முடிவெடுத்தபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பிரிட்டனோடு இருந்தால்தான் ஐரோப்பாவில் இருக்கலாம் என்பது! இன்னொரு முறை மக்களிடம் கேட்கிறோம் என்றபோது, லண்டனின் சம்மதம் இல்லாமல் கேட்க முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு அத்தோடு நிற்கிறது, மனக்குறை நிற்கவில்லை.

வட அயர்லாந்து இதைவிட நுட்பமானது. அயர்லாந்துக் குடியரசோடு அதற்குள்ள எல்லை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 200-க்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. சில பண்ணைகளில் வீடு ஒரு நாட்டிலும் மேய்ச்சல் நிலம் இன்னொரு நாட்டிலும் இருக்கும். முப்பது ஆண்டுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் 1998-இல் வந்த புனித வெள்ளி ஒப்பந்தம், அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ்காரராகவோ ஐரிஷ்காரராகவோ இரண்டுமாகவோ இருக்கலாம் என்றது. இரு நாடும் ஒரே ஒன்றியத்தில் இருந்தவரை எல்லை இருந்தும் இல்லாதது போல இருந்தது. கத்தோலிக்கருக்கு அயர்லாந்தோடு இருப்பதாகவும், புராட்டஸ்டன்டினருக்குப் பிரிட்டனோடு இருப்பதாகவும் ஒரே நேரத்தில் தோன்றிற்று. விலகலோடு, சரக்குச் சோதனையை எங்காவது வைத்தாக வேண்டியதாயிற்று. நிலத்தில் வைத்தால் ஒரு சாராருக்குப் புண். வட அயர்லாந்துக்கும் மற்றப் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள கடலில் வைத்தால் மறு சாராருக்குப் புண். கடலில் வைத்தார்கள். அதை எதிர்த்துப் பிரிட்டன் ஆதரவுக் கட்சி 2022 பிப்ரவரியில் ஆட்சியிலிருந்து வெளியேற, இரண்டு ஆண்டு அங்கே அரசே இயங்கவில்லை. 2023-இல் பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட விண்ட்சர் உடன்படிக்கையால் சோதனைகளைத் தளர்த்திய பின்பே நிலைமை இறங்கிவந்தது. 2024 பிப்ரவரியில் அயர்லாந்தோடு இணைய வேண்டும் என்னும் சின் ஃபெய்ன் கட்சியின் மிஷெல் ஓ’நீல் முதலமைச்சரானார். நூறாண்டு வரலாற்றில் அது முதல் முறை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணியினர் 43.5 சதவீதம். சிறுபான்மை எது என்பதே அங்கே இடம் மாறிவிட்டது.

நாளையே உடையும் என்று நான் நினைக்கவில்லை. பிரிந்து போவதன் செலவைப் பிரெக்ஸிட்டே எல்லோருக்கும் காட்டிவிட்டது, ஸ்காட்லாந்து வாக்காளருக்கும்தான்.

என் மருமகன் காரைக்கால். அவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. 2014 முதல் லண்டனில் இருக்கிறார். நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வாங்கிவிட்டார். 2020 நவம்பரில் நிக்காஹ் நடந்தது. கொரோனா காரணமாகப் பதிவு செய்தது 2021 பிப்ரவரியில். மகள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். அவள் போக வழி உண்டா?
(ஒரு தாய், பெரியபட்டினம்)

உண்டு என்றே தோன்றுகிறது அம்மா. 1962-இல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பமாக உங்கள் சம்பந்தி வீடு இருக்க வேண்டும். அந்தக் கெடுவால் உங்கள் மருமகன் ஐரோப்பியர் ஆனார். ஐரோப்பியர் என்பதால் விலகலுக்கு முன்பே விசா இல்லாமல் லண்டன் போனார். இப்போது உங்கள் மகளின் காரியம் இன்னொரு தேதியில் நிற்கிறது. 2020 டிசம்பர் 31-க்கு முன்பே கணவன் மனைவியாக இருந்தவர் என்றால், ஐரோப்பியருக்கான அந்தத் திட்டத்தின் கீழேயே குடும்ப அனுமதி கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிந்திய திருமணம் என்றால் சாதாரண மனைவி விசாதான். 2024 ஏப்ரலிலிருந்து அதற்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும், கட்டணமும் பெரிது.

உங்கள் கையிலுள்ள சான்றிதழில் திருமணம் நடந்த தேதி, பதிவு செய்த தேதி என்று இரண்டு இருக்கும். முதல் தேதிதான் உங்களுக்கு வேண்டியது. பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகலை ஜமாஅத் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழும், அந்த நவம்பரில் எடுத்த புகைப்படங்களும், அதற்கு முன் இருவரும் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தால் அழித்துவிட வேண்டாம். ஏஜென்டிடம் போகாமல், பிரிட்டனில் முறைப்படி பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரை அங்கிருந்தே மருமகன் பார்க்கட்டும். பதிவேட்டை மட்டும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். தேதியை ஹிஜ்ரி ஆண்டில் மட்டும் குறித்திருந்தால், ஆங்கிலத் தேதியையும் சேர்த்து எழுதித் தரும்படி செயலாளரிடம் கேளுங்கள்.